எந்த டைனோவில் ஏற்றுவது? செட்டிநாட்டுக் கார்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரே மாடல் டர்போ டீசல் ஹேட்ச்பேக். கம்பெனி சொன்னது 75 பிஎஸ். கோவையில் ஒருவர் எடுத்த டைனோ சீட்டில், அதாவது வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம் அச்சடித்த தாளில், 62 இருக்கிறது. சென்னையில் எடுத்ததில் 68. பெங்களூரில் எடுத்த மூன்றாவது சீட்டில் 75, அதுவும் சக்கரத்தில் அளந்ததாம். ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்யலாம் என்று நினைக்கும் காரைக்குடிக்காரர் இந்த மூன்றையும் போனில் வைத்துக்கொண்டு, "பெங்களூர் ட்யூனர்தான் கெட்டிக்காரர்" என்று முடிவு கட்டிவிடுகிறார். மூன்று காரும் ஒரே சக்தி கொடுத்திருந்தாலும் இந்த மூன்று எண்களும் வரும் என்பதுதான் விஷயம்.

ஊருக்கு ஊர் படி அளவு மாறிய காலம் நம் பக்கத்தில் இருந்தது. ஒரு ஊரில் தலைதட்டி அளப்பார்கள், இன்னொரு ஊரில் கும்பலாக அளப்பார்கள். நெல் அதேதான். டைனோ சீட்டும் அப்படித்தான். படி எது, தலை தட்டினார்களா என்று கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ரீமேப்புக்கோ, இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) மாற்றத்துக்கோ, பழைய வண்டி வாங்கும்போது இன்ஜின் ஆரோக்கியம் பார்க்கவோ, எந்த அளவு முறையை நம்பலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் எந்தக் குதிரை?

இரண்டும் குதிரைத்திறன் அலகுகள்தான், அளவுதான் வேறு. பிஎஸ் என்பது 735.5 வாட். எச்பி என்பது 745.7 வாட். 100 பிஎஸ் என்றால் 98.6 எச்பி. சின்ன வித்தியாசம்தான். ஆனால் 3 எச்பி கூடியதா குறைந்ததா என்று வாதாடும் இடத்தில் இந்த 1.4 சதவீதமே பாதி வாதத்தைத் தின்றுவிடும். சீட்டின் ஓரத்தில் எந்த அலகு என்று முதலில் பாருங்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகளின் வண்டிக் கொட்டகையில் பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. மோரிஸ் எய்ட் என்ற பெயரில் இருக்கும் 8, இன்ஜின் கொடுக்கும் சக்தி அல்ல. அது வரி போடுவதற்கான கணக்கு: சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கம் கண்டு, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுப்பார்கள். 57 மில்லிமீட்டர் விட்டம், நான்கு சிலிண்டர் என்றால் விடை எட்டு. உண்மையான சக்தி அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்கக் கார்களிலோ 1972 வரை விளம்பரத்தில் வந்தது பெரும்பாலும் கிராஸ் கணக்கு: ஏர் கிளீனர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் ஓட்டி எடுத்தது. பிறகு எல்லாம் பூட்டிய நிலையில் எடுக்கும் நெட் கணக்குக்கு மாறினார்கள். அதே இன்ஜின் காகிதத்தில் மட்டும் சட்டென்று இளைத்தது. அண்மைக் காலத்திலும் நடந்திருக்கிறது: 2006 மாடலுக்கு இறுக்கிய அளவு விதிகளின்படி எடுத்தபோது டொயோட்டா கேம்ரியின் 3 லிட்டர் வி6 அமெரிக்காவில் 210-இலிருந்து 190 எச்பிக்கு இறங்கியது. இன்ஜினில் மாற்றம் எதுவும் இல்லை.

கம்பெனி சொல்லும் 75 பிஎஸ் இன்ஜினின் ஃப்ளைவீலில், அதாவது சக்தி இன்ஜினை விட்டு வெளியேறும் இடத்தில், எடுத்தது. சக்கரத்தை உருளைமேல் ஓட்டும் ரோலர் டைனோ அளப்பது சக்கரத்தில் வந்து சேர்வதை. இடையில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பேரிங், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். முன்சக்கர வண்டிக்கு இந்த இழப்பு 15 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது வழக்கமாகிவிட்டது. அது நிலையான எண் அல்ல. கியர் எண்ணெயின் சூடு, டயர், வேகம், எவ்வளவு முறுக்கு போகிறது என்பதெல்லாம் சேர்ந்து மாறும். கணக்கிலும் ஒரு பொதுத் தவறு உண்டு. சக்கரத்தில் 62 வந்தால் 15 சதவீத இழப்புக்கு 62-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், 72.9 வரும். 1.15-ஆல் பெருக்கி 71.3 என்று எழுதும் கடைகளும் இருக்கின்றன. அந்த 1.6-க்கும் இன்ஜினுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அதனால் "கிராங்க் எச்பி" என்று, அதாவது இன்ஜினிலேயே எடுத்தது போல, அச்சடித்த ரோலர் சீட்டைப் பார்த்தால், அதற்குக் கீழே சக்கர எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அளந்தது அதுதான். மற்றது ஊகம்.

இனெர்ஷியா ரோலர்

டைனோஜெட் போன்றவை இந்த வகையில் பெயர் பெற்றவை. பெரிய இரும்பு டிரம், அதன் எடையும் விட்டமும் தெரியும். வண்டி அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றி ஏற்றுகிறது என்பதை வைத்து மென்பொருள் சக்தியைக் கணக்கிடுகிறது. பிரேக் கிடையாது, லோட் செல் (இழுவிசையை அளக்கும் உணரி) கிடையாது. டிரம்மின் நிறை நேற்றும் இன்றும் ஒன்றுதான் என்பதால், இதன் பெரிய பலம் ஒரே வண்டி திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் கொடுப்பது. இயற்கையாகக் காற்றிழுக்கும், அதாவது டர்போ இல்லாத, பெட்ரோல் இன்ஜினில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பார்க்க இது நல்ல கருவி.

இதில் தவறு வரும் இடங்கள் மூன்று. கியர் முதலாவது. 1:1-க்கு நெருங்கிய கியரில்தான் ஓட்ட வேண்டும், ஐந்து கியர் சின்னக் காரில் பெரும்பாலும் நான்காவது. மூன்றாவதில் ஓட்டினால் ஃப்ளைவீலும் கிராங்கும் வேகமாக முடுக்கப்படும், அதற்கே கொஞ்சம் சக்தி போகும், சக்கரத்தில் எண் குறையும். இரண்டாவது, சக்கரத்தின் எடை. ரீமேப்புக்கு முன் 15 அங்குல இரும்பு வீலில் ஒரு சீட்டு எடுத்து, பிறகு 17 அங்குல கனமான அலாய் மாட்டி இன்னொன்று எடுத்தால், ரீமேப் கொடுத்ததில் ஒரு பகுதி அலாயைச் சுழற்றவே போய்விடும். சீட்டில் அது தெரியாது.

மூன்றாவதுதான் டீசல்காரர்களுக்கு முக்கியம். டிரம் லேசாக இருந்தால் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். டர்போ முழு பூஸ்ட்டுக்கு (காற்றை அழுத்தித் தள்ளும் அளவுக்கு) வருவதற்குள் இன்ஜின் அந்த சுழற்சியைத் தாண்டிப் போயிருக்கும். நிமிடத்துக்கு 1,800-லிருந்து 2,200 சுழற்சி வரைதான் நம் டீசல் வண்டியின் உயிர், அந்த இடத்தை இனெர்ஷியா டிரம் குறைத்துக் காட்டும். உச்ச சக்தி ஓரளவு சரியாக வரும், முறுக்குவிசைக் கோடு சாலையில் உணர்வதைவிட மெலிந்திருக்கும்.

லோட் ரோலர்

மஸ்டாங், டைனோ டைனமிக்ஸ், மாஹா போன்றவை. ரோலரோடு எடி கரண்ட் பிரேக் ஒன்று இருக்கும். மின்காந்தத்தால் ரோலரை இழுத்துப் பிடித்து, அந்த இழுப்பை ஒரு கைமேல் பொருத்திய லோட் செல் அளக்கும். இன்ஜினை 2,000 சுழற்சியில் அரை நிமிடம் அசையாமல் நிறுத்தி வைத்து ட்யூன் செய்யலாம். ஏற்றம் ஏறுவது போன்ற சுமையை வைத்துப் பார்க்கலாம். டர்போவுக்கு வேண்டிய நேரம் கிடைக்கும். ரீமேப்புக்கு இதுதான் ஏற்றது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இங்கே மனிதர்களின் கை அதிகம். லோட் செல் பூஜ்யம் நகர்ந்தால் எண்ணும் நகரும். கடைக்காரரிடம் அளவுத் திருத்தக் கையைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான லோட் ரோலர்களில் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கம்பி மாட்ட இடம் இருக்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ எடைக்கல் தொங்கவிட்டால் திரையில் 196 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். கல்லை எடுத்தால் பூஜ்யத்துக்கு வர வேண்டும், 2 அல்லது 3-இல் நிற்கக் கூடாது. இதை இரண்டு நிமிடத்தில் செய்து காட்டத் தயங்காத கடை, அளப்பில் அக்கறை உள்ள கடை. கம்பியே எங்கே இருக்கிறதென்று தெரியாதவரிடம் எண்ணைப் பற்றி வாதாட வேண்டாம்.

லோட் ரோலர் பொதுவாக இனெர்ஷியாவைவிடக் குறைவாகக் காட்டும், சில இடங்களில் பத்து சதவீதம் வரைக்கும். சின்ன ரோலர் இரண்டுக்கு நடுவே டயரை உட்கார வைக்கும் அமைப்பு என்றால் டயர் இரண்டு இடத்தில் நசுங்கும், ரப்பர் சூடாகும், அதற்கும் சக்தி போகும். பெரிய ஒற்றை டிரம்மில் அந்த இழப்பு குறைவு. இதோடு ஓட்டத்தின் வேகமும் சேரும். 8 நொடியில் ஏற்றினால் ஒரு கோடு, 15 நொடியில் ஏற்றினால் டர்போ வண்டிக்கு இன்னொரு கோடு. சீட்டில் அந்த ஏற்ற வேகத்தை எழுதி வாங்குங்கள்.

இதே இனத்தில் ஹப் டைனோ ஒன்றும் உண்டு. டைனாபேக், ரோட்டோடெஸ்ட் போல. சக்கரத்தைக் கழற்றி, நட் போல்ட் போடும் ஹப்பிலேயே அளவு அலகை நேராக மாட்டுவார்கள். டயரும் இல்லை, வழுக்கலும் இல்லை, வண்டியைப் பிடித்துக் கட்டும் பெல்ட் இறுக்கத்தின் பிரச்சினையும் இல்லை. மிகத் துல்லியம். டயர் இழப்பு இல்லாததால் ரோலரைவிட எண் கூடுதலாகத்தான் வரும். ஆகவே ரீமேப்புக்கு முந்தைய சீட்டை ரோலரிலும் பிந்தைய சீட்டை ஹப்பிலும் எடுத்துப் பலனைக் கணக்கிட்டால், டயர் தின்றதையும் ட்யூனர் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

இன்ஜின் டைனோ, அதாவது இன்ஜினை இறக்கி மேடையில் பூட்டி அளப்பது, புனேயின் ஏஆர்ஏஐ மாதிரியான சோதனை நிலையங்களுக்கும் இன்ஜின் கட்டுபவர்களுக்கும் உரியது. பழைய காரை முழுசாகப் பிரித்துக் கட்டுபவர், வண்டியில் ஏற்றுமுன் இன்ஜினை ஓட்டிப் பார்க்க விரும்பினால் மட்டும் இந்த வழி.

சாலையில் அளப்பது

ஜிபிஎஸ் கருவியும் ஓபிடி கருவியும் (வண்டியின் கணினித் தகவலைப் படிப்பது) கையில் இருந்தால், மூன்றாவது கியரில் 80-லிருந்து 100 கிலோமீட்டர் வரை எடுக்கும் நேரத்தை வைத்து சக்தியைக் கணக்கிடலாம். மொத்த எடை 1,150 கிலோ, நேரம் 4.2 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூட்டியதற்கு மட்டும் சராசரி 38 கிலோவாட். காற்றுத் தடைக்குச் சுமார் 6, டயர் உருளலுக்கு 3 சொச்சம் சேர்த்தால் 47 கிலோவாட், அதாவது 64 பிஎஸ்.

கேட்க நன்றாக இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஏற்றம் மட்டும் இந்த வண்டிக்கு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 3.8 பிஎஸ் தின்னும். நேரத்தில் 0.1 நொடி பிசகினால் முடுக்கக் கணக்கில் 2.4 சதவீதம். பின்சீட்டில் 40 கிலோ சாமானை மறந்துவிட்டால் 3.5 சதவீதம். இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் ஏற்றமும் காற்றும் பெருமளவு கழியும். ஆனால் திருச்சி - ராமேசுவரம் சாலையில் ஆட்டுக்கிடையும் டூவீலரும் குறுக்கிடும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது. செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்துப் பழைய ஓடுதளம் இருக்கிறது, அதுவும் உரிய அனுமதி இல்லாமல் நுழைகிற இடமல்ல. மூடிய தடம் கிடைத்தால் மட்டும் இந்த முறை. அப்போதும் இதைச் சக்தி எண்ணாக வைத்துக்கொள்ளாமல், ரீமேப்புக்கு முன் 4.2 நொடி, பின் 3.7 நொடி என்று நேரமாகவே ஒப்பிடுவது மேல்.

கத்திரியும் மார்கழியும்

இதுதான் நம் ஊருக்கு மிக முக்கியமான பகுதி. இன்ஜின் எரிப்பது பெட்ரோலை மட்டுமல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனையும். காற்று சூடானாலும், அழுத்தம் குறைந்தாலும், ஈரம் கூடினாலும் ஒரு சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறையும். அதைச் சமன் செய்யத் திருத்தக் காரணி என்ற பெருக்கலை மென்பொருள் போடுகிறது.

இன்று பரவலாக உள்ளது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் ஜே1349 என்ற விதி. அதன் அடிப்படை 25 டிகிரி சூடு, 990 மில்லிபார் உலர் காற்று. அளந்த உலர் அழுத்தத்தால் 990-ஐ வகுத்து, சூட்டை 273-உடன் கூட்டி 298-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 1.18-ஆல் பெருக்கி, 0.18-ஐக் கழித்தால் காரணி கிடைக்கும். கடைக்கார மென்பொருள் இதைத் தானே போடும், ஆனால் அது வாங்கும் எண்கள் சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை.

காரைக்குடியில் அக்னி நட்சத்திர மதியம் ஒன்றை எடுப்போம். 39 டிகிரி, காற்றழுத்தம் 995 மில்லிபார், ஈரப்பதம் 40 சதவீதம். ஈரத்துக்கே 28 மில்லிபார் போக உலர் அழுத்தம் 967. காரணி 1.056. மார்கழி காலையில் 23 டிகிரி, 1003 மில்லிபார், 85 சதவீத ஈரம்: காரணி 1.009. திருத்திய பின் 80 எச்பி காட்டும் பெட்ரோல் வண்டி, திருத்தம் இல்லாமல் கத்திரியில் 75.8-உம் மார்கழியில் 79.3-உம் காட்டும். இன்டேக் மாற்றிய பலன் என்று பலர் காட்டும் 3 எச்பி இதற்குள் முழுதாக மறைந்துவிடும்.

பெங்களூருக்குப் போனால் உயரம் 900 மீட்டருக்கு மேல். 27 டிகிரி, 910 மில்லிபார், பாதி ஈரம் என்றால் காரணி 1.134. கோவை 400 மீட்டர் சொச்சம், 33 டிகிரிப் பகலில் 1.08 வரும். ஒரே பெட்ரோல் வண்டி திருத்தம் இல்லாமல் பெங்களூரில் 71, கோவையில் 74, காரைக்குடி மார்கழியில் 79.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாகனச் சக்தியை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 1585, பெட்ரோல் இன்ஜினுக்கான சோதனைச் சூட்டை 15 முதல் 35 டிகிரி வரை என்றும், திருத்தக் காரணியை 0.93 முதல் 1.07 வரை என்றும் வரையறுக்கிறது. கத்திரி மதியம் அந்தச் சூட்டெல்லைக்கு வெளியே. பெங்களூரின் 1.134, காரணி எல்லைக்கு வெளியே. சூத்திரம் காற்றின் அடர்த்தியை மட்டும்தான் திருத்தும். வெயிலில் இன்ஜின் தட்டத் தொடங்கியதும் இன்ஜின் கணினியான ஈசியு, தீப்பொறி நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்குமே, அதை எந்தச் சூத்திரமும் திருத்தாது. தகர ஷெட்டில் மேமாத மதியம் எடுத்த பெட்ரோல் சீட்டு, திருத்தம் போட்ட பின்பும் வண்டியின் உண்மையைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காலை ஏழு மணிக்கு நேரம் கேட்டு வாங்குங்கள்.

சீட்டில் எஸ்.டி.டி. என்று இருந்தால் அது பழைய ஜே607: 15.5 டிகிரி, 1013 மில்லிபார். மார்கழிக் காலை எண்களுக்கே அது 1.048 கொடுக்கும், ஜே1349 கொடுப்பது 1.009. ஏறக்குறைய நான்கு சதவீதம் சும்மா கூடும். சென்னைச் சீட்டில் இருந்த 68 இப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். ஜெர்மன் தரமான டின் 70020 என்றால் 20 டிகிரி, 1013 மில்லிபார், அதில் ஈரத்துக்கு இடமே இல்லை. கடலோர ஊர்களில் ஐப்பசி மழைக்காலத்தில் எடுக்கும் சீட்டுகளில் இது தனிக் குழப்பம் உண்டாக்கும்.

டர்போ டீசலும் அந்த 75-உம்

ஜே1349-இன் மேற்சொன்ன சூத்திரம் இயற்கையாகக் காற்றிழுக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கு. டர்போ வேறு கதை. உயரத்தில் காற்று மெலிந்தால், பூஸ்ட் கட்டுப்பாடு டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி, கேட்ட அழுத்தத்தைக் கொடுத்துவிடும். சக்தி அவ்வளவாகக் குறையாது. குறையாத சக்திக்கு 13 சதவீதம் கூட்டினால் என்ன ஆகும்?

பெங்களூரில் அந்த டீசல் சக்கரத்தில் உண்மையாக 66 பிஎஸ் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காரணி 1.134-ஐப் போட்டால் 74.8. அதுதான் மூன்றாவது சீட்டின் 75. டர்போ டீசலுக்கான ஐ.எஸ்.ஓ. முறையில் உலர் அழுத்தத்தின் விகிதத்துக்கு 0.7 அடுக்கு, சூட்டின் விகிதத்துக்கு 1.5 அடுக்கு, பிறகு அந்த இன்ஜின் செலவழிக்கும் எரிபொருள் அளவைப் பொறுத்த இன்னோர் அடுக்கு. அந்தக் கடைசி அடுக்கை 0.3 என்று எடுத்தால் காரணி 1.025-தான், சக்தி 67.7. நடுவில் இருக்கும் 7 பிஎஸ்ஸை எந்த ட்யூனரும் கொடுக்கவில்லை, மென்பொருளில் ஒரு டிக் கொடுத்தது. டர்போ வண்டிக்கு எப்போதும் திருத்தாத எண்ணையும் சேர்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள். உயரமான ஊரில் எடுத்தால் அந்தத் திருத்தாத எண்ணையே முதன்மையாக வைத்துக்கொள்வது நியாயம்.

வண்டியை ஏற்றும் நாளில்

காரைக்குடியிலிருந்து கோவை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஓட்டிப் போன கையோடு ரோலரில் ஏற்றினால் இன்டர்கூலர், இன்டேக், இன்ஜின் பே எல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் ஆறட்டும். பிறகு ஓட்டத்துக்கு முன் கூலன்ட் 85 முதல் 90 டிகிரிக்கு வர வேண்டும், கியர் எண்ணெயும் சூடாக இருக்க வேண்டும். முதல் ஓட்டம் எப்போதும் கொஞ்சம் குறைவாக வரும், குளிர்ந்த கியர் எண்ணெய்தான் காரணம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் ஒரே அளவு வையுங்கள், உதாரணமாக 36 பிஎஸ்ஐ, இரண்டு முறையும் அதே. பெல்ட்டை எத்தனை கிளிக் இறுக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ரேச்செட்டைக் கூடுதலாக இறுக்கினால் டயர் ரோலரோடு அழுந்தி, சக்தி சூடாகப் போகும். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் ஈஎஸ்பியும் (சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் அமைப்புகள்) முழுதாக அணைய வேண்டும். முன்சக்கரம் மட்டும் சுழன்று பின்சக்கரம் நிற்பதைக் கண்டு சில வண்டிகளின் கணினி சக்தியைத் தானே வெட்டிவிடும். ஏசியை அணையுங்கள். டேங்கில் இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே பெட்ரோல் பங்க்கின் எரிபொருள் இருக்கட்டும், எத்தனால் கலப்பு மாறினாலும் ஆக்டேன் மாறினாலும் பெட்ரோல் வண்டியில் கோடு மாறும்.

எதிரில் இருக்கும் விசிறி கவனத்துக்குரியது. சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்டர்கூலருக்கு அடிக்கும் காற்றை, ஷெட்டில் இருக்கும் சின்ன விசிறி கொடுக்காது. ஓபிடி கருவியை மாட்டி இன்டேக் சூட்டைப் பதிவு செய்யுங்கள். முதல் ஓட்டம் 42 டிகிரியில் தொடங்கி மூன்றாவது 58-இல் தொடங்கினால், அந்த மூன்றாவது கோட்டை முதலோடு ஒப்பிடுவது வீண். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் இன்டேக் சூடு பழைய நிலைக்கு வரும்வரை விசிறி ஓடட்டும். வானிலை உணரி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் தொங்கினால் 45 டிகிரி என்று எழுதிக்கொண்டு, திருத்தக் காரணியை ஊதிவிடும்.

மூன்று ஓட்டம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் அதன் நடு எண்ணை எடுங்கள், உச்சத்தை அல்ல. மென்பொருளில் கோட்டை மழுப்பும் அமைப்பு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். மழுப்பலைக் குறைத்தால் ஒரு கூரான முள் எழும்பி, உச்ச எண்ணை ஓரிரண்டு கூட்டிவிடும்.

ரீமேப் செய்த டீசலில் இன்னொன்று அவசியம் பாருங்கள்: இன்ஜின் சுழற்சியை ரோலர் வேகத்தால் வகுத்தால் வரும் எண், ஒரே கியரில் ஓட்டம் முழுதும் மாறக் கூடாது. 2,000 முதல் 2,500 சுழற்சிக்குள் அந்த விகிதம் மெல்ல ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது டயர் வழுக்குகிறது. டயரில் தூசு இருந்தால் துடைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் கிளட்ச்தான். ரோலர் சக்தியைத் தன் வேகத்திலிருந்தே கணக்கிடுகிறது. ஆகவே இன்ஜின் சுழற்சி உணரி தவறாக இருந்தால் எச்பி சரியாகவே வரும், முறுக்குவிசை மட்டும் பொய்யாகும். முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 7,024-ஆல் வகுத்துப் பாருங்கள், பிஎஸ் ஒத்து வர வேண்டும். 4,000 சுழற்சியில் 75 பிஎஸ் என்றால் முறுக்கு 132 நியூட்டன் மீட்டர். சீட்டில் அதே இடத்தில் 160 இருந்தால் ஏதோ ஒன்று தப்பு.

யாருக்கு எது

டர்போ டீசலுக்கோ டர்போ பெட்ரோலுக்கோ ரீமேப் செய்ய முடிவு செய்தால், லோட் ரோலர் உள்ள ட்யூனரிடம் போங்கள். ஒரே நாளில், ஒரே கட்டலில், வண்டியை இறக்காமலேயே ரீமேப்புக்கு முந்தைய சீட்டும் பிந்தைய சீட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த ரோலர் 62 காட்டினாலும் 72 காட்டினாலும் கவலை வேண்டாம், வித்தியாசம்தான் உங்கள் காசுக்கான பொருள். "முந்தைய சீட்டு வேண்டாம், கம்பெனி எண் போதும்" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஃப்ளைவீல் எண்ணையும் சக்கர எண்ணையும் ஒப்பிட்டு எந்தப் பலனையும் நிரூபிக்க முடியாது.

இயற்கையாகக் காற்றிழுக்கும் பெட்ரோல் காரில் எக்ஸாஸ்ட், இன்டேக் மாற்றம் என்றால் இனெர்ஷியா ரோலர் போதும். செலவு குறைவு, எண் நிலையாக வரும். 3 சதவீதத்துக்குக் கீழான வித்தியாசத்தைப் பலனாகக் கொண்டாட வேண்டாம்.

பழைய வண்டி வாங்கும்போது இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் டைனோ தேடிப் போவது தேவையில்லை. கம்ப்ரஷன் சோதனையும், டீசலுக்கு இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் எரிபொருள்) அளவும், ஓபிடியில் பூஸ்ட் அழுத்தம் கேட்டபடி வருகிறதா என்பதும் டைனோவைவிட அதிகம் சொல்லும். டைனோ சக்தி குறைவு என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது.

சிவிடி கியர்பாக்ஸ் வண்டி, அல்லது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் என்றால், கியரைப் பூட்டி ஓட்ட முடிகிறதா என்று போகுமுன்பே போனில் கேளுங்கள். நடுவில் கியர் இறங்கினாலோ கன்வர்ட்டர் பூட்டு விலகினாலோ அந்த ஓட்டம் உபயோகப்படாது. நான்கு சக்கர இயக்க வண்டியை இரண்டு சக்கர ரோலரில் ஏற்ற ஒப்புக்கொள்ளும் கடையிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், நடுவிலுள்ள கப்ளிங் எரிந்தால் செலவு உங்களுடையது.

நண்பர் காரோடு போட்டி என்றால் இருவரும் ஒரே நாளில், ஒரே ரோலரில், அடுத்தடுத்து ஏறுங்கள். அவர் சீட்டு பெங்களூரிலும் உங்களுடையது கோவையிலும் இருந்தால், இரண்டிலும் சூடு, அழுத்தம், ஈரம், காரணியின் பெயர், கியர், திருத்தாத எண் ஆகிய ஆறும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறும் இருந்தால் மேலே சொன்ன கணக்கைப் போட்டு வானிலை வித்தியாசத்தையாவது கழிக்கலாம். ரோலரின் இனம் வேறென்றால் அதற்கு மேல் ஒப்பிட வழியில்லை.